பிழை வந்தால் தவிர்த்துவிட்டுத் தொடரவும்

1

இந்தக் கதையை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மையில் இது எனக்கு ஒரு லிஃப்டுக்குள், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் கிடைத்தது. கண் மருத்துவரைப் பார்க்கப் போன இடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து யாரோ கதவை நெம்பித் திறந்தார்கள். என் நெற்றி உயரத்தில் நான்காவது மாடியின் தரை தெரிந்தது. அந்தத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி ஒரு முகம் என்னைப் பார்த்தது.

"பயப்படாதீங்க சார், விழாது. ஒரு பாகம் கடையிலேருந்து வரணும். அதுவரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்."

லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். எனக்கு என்ன வேலை என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். எதில் என்றார். கம்ப்யூட்டரில் என்றேன்.

"பேக்கப் எடுத்து வைப்பீங்களா?"

"எடுப்பேன்."

"எடுத்தத திருப்பிப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்க எடுக்கல," என்றார், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

பாகம் வந்து சேரும்வரை அவர் சொன்னது பாதிக் கதை. மீதியை இன்னொரு நாள் டீக்கடையில் உட்காரவைத்துக் கேட்டு வாங்கினேன். இதை எழுதலாமா என்றதற்கு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனார். "சரின்னு சொல்லிட்டா. பட்டனத் தட்டித்தான் சொன்னா" என்று வந்து நின்றார்.

2

முதல் தொடக்கம்: "டீச்சருக்குக் குரல் போன அன்று வானம் இருண்டு—"

இருளவில்லை. கேட்டுவிட்டேன். நல்ல வெயிலாம், மருத்துவமனை வாசலில் நிறுத்திய வண்டியின் சீட் சுட்டதாம்.

இரண்டாவது: "மௌனம் என்பது குரலின் எதிர்ப்பதம் அல்ல, அது—"

இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

மூன்றாவது: "நகலெடுத்தல் முடிந்தது என்று திரை சொன்னது."

இது பரவாயில்லை. ஒரு பொய்யோடு ஆரம்பிக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் டீச்சர் யாரென்று சொல்லியாக வேண்டும். ஆகவே இதைக் கொஞ்சம் கீழே தள்ளி வைக்கிறேன்.

[கணவன், மனைவி இருவரையுமே 'அவர்' என்று எழுதினால் யார் யாரென்று உங்களுக்குக் குழம்பும். 'அவள்' என்று எழுதினால் எனக்கு உதைக்கிறது. எனவே டீச்சர் எப்போதும் டீச்சர்தான். வெறுமனே 'அவர்' என்று வந்தால் மெக்கானிக் என்று கொள்க.]

3

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுத்தரும் இடத்தில் பயிற்சியாளர். மெக்கானிக்கே அங்கே பாடம் படித்தவர்தான். ஓட்டுநர் தேர்வில் ஒருமுறை தோற்று, திரும்பவும் சேர்ந்து, அந்தச் சாக்கில் கல்யாணம் வரைக்கும் போனவர். தாலி கட்டிய பிறகும் 'டீச்சர்' என்று கூப்பிடும் பழக்கம் போகவில்லை.

டீச்சர் பாடம் நடத்துவதெல்லாம் கேள்வியால்தான். "பிரேக்கை மிதி" என்று வாயால் சொல்லமாட்டார். "முன்னாடி என்ன தெரியுது?" என்பார். கற்கிறவர் தானே பார்த்து, தானே பயந்து, தானே மிதிக்க வேண்டும். சொல்லச் சொல்ல மிதித்துப் பழகிய கால், சொல்ல ஆள் இல்லாத அன்றைக்கு மிதிக்காது என்பது டீச்சரின் கட்சி.

தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நடக்கும்போதே மருத்துவர் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார். நினைத்ததைவிட உள்ளே பரவியிருக்கிறது. குரல்வளையை முழுக்க எடுத்துவிட்டால் உயிருக்குப் பாதுகாப்பு. கொஞ்சம் விட்டுவைத்தால் குரல் நிற்கலாம், நோயும் திரும்பி வரலாம். இப்போதே சொல்ல வேண்டும் என்றார். காகிதத்தை நீட்டினார். மெக்கானிக் எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் பிழைத்தார். குரல் பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் பேசுவதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. போனிலேயே அந்த வசதி இருக்கிறதே என்பீர்கள். டீச்சருக்கு வழவழப்பான கண்ணாடி சரிப்படவில்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், விரலுக்குத் தட்டுப்படுகிற பட்டன் வேண்டும். மெக்கானிக் அங்கே இங்கே அலைந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய கையடக்கக் கம்ப்யூட்டரைப் பிடித்து வந்தார். நிஜமான பட்டன்கள். உள்ளே விண்டோஸ் இல்லை, லினக்ஸ். எழுத்தை வாசித்துக் காட்டும் ஒரு புரோகிராமை ஏற்றினார். அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களைச் சேமித்து, பட்டனுக்கு ஒன்றாகக் கட்டிவிட்டார். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தனி ஃபைல். வாக்கியம் எதுவோ அதுவே ஃபைலின் பெயர். சுலபமாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்தார். வந்த குரல், ரயில் நிலைய அறிவிப்புக்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது. டீச்சர் ஒரு வாரம் முறைத்துப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

சாப்டீங்களா? சாவி எங்க? யாரு வந்திருக்கா? கண்ணாடி பாத்தீங்களா? இப்படி வரிசையாகப் போய், கடைசிப் பட்டனில் இது இருந்தது:

"கையெழுத்து போடறப்ப என்ன நெனச்சீங்க?"

கோபமாக இல்லை. அந்தக் குரலுக்குக் கோபம் வராது. சாவியைக் கேட்ட அதே சுருதியில், துணி மடிக்கும்போது, செடிக்குத் தண்ணீர் விடும்போது, டீச்சர் அதைத் தட்டுவார். மெக்கானிக் "அப்புறம் சொல்றேன்" என்று ஸ்குரூடிரைவர் தேடப் போய்விடுவார். வீட்டில் அவர் தேடிப் போகாத ஸ்குரூடிரைவரே கிடையாது.

4

நகலெடுத்தல் முடிந்தது என்று திரை சொன்னது.

[இப்போது சரியான இடத்தில் வந்துவிட்டது.]

கருவி சில நாட்களாகவே பேச்சின் நடுவில் உறைந்துகொண்டிருந்தது. "நான் இப்ப" என்று சொல்லி நின்றுவிடும். மீதிக்கு டீச்சர் கையை ஆட்ட வேண்டும். அடியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினால்தான் தீரும் என்று மெக்கானிக் முடிவு செய்தார். அதற்கு முன்னால் உள்ளே இருப்பதை ஒரு மெமரி கார்டில் பத்திரப்படுத்த வேண்டும். கேமராவில் கிடந்த கார்டை எடுத்துச் செருகினார்.

நகல் தொடங்கிய உடனே நின்றது. 'ஃபைலை உருவாக்க முடியவில்லை' என்றது. எந்த ஃபைல் என்று பார்த்தால், அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது; பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். மறுபடி தொடங்கினார். மறுபடி நின்றது. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சின்னப் பெட்டி இருந்தது: 'பிழை வந்தால் தவிர்த்துவிட்டுத் தொடரவும்.' அதில் டிக் போட்டார். பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. முடிந்தது என்றது. கருவியைத் துடைத்து அழித்தார். புதிதாக ஏற்றினார். கார்டிலிருந்து மீட்டெடுத்தார். அதுவும் முடிந்தது என்றது.

டீச்சர் வாங்கித் தட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கேன்." "போதும்." "நாளைக்கு வாங்க." உறையவில்லை, திக்கவில்லை. மெக்கானிக் திருப்தியோடு சட்டையை மாட்டினார்.

கேள்விகள் ஒன்றுகூட வரவில்லை என்பது அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

5

கேள்வி கேட்காத ஒரு பெண் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் ஒரு பக்கம் நீளத்துக்கு ஆராய்ச்சி எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். நடந்தது இதுதான்.

டீச்சரின் அக்கா வாரம் ஒருமுறை பேசுவார். போனைக் கருவியின் பக்கத்தில் வைத்துத்தான் பேச்சு. அந்த வாரம் அக்காவுக்குக் கிடைத்தது "நல்லா இருக்கேன்", "சரி", "அப்புறம் பேசறேன்". என் முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தாளா என்று அக்கா மெக்கானிக்கிடம் தனியாகப் பொருமினார். மாமியாருக்கோ ஏக சந்தோஷம். மருமகள் இப்போதுதான் எதிர்க்கேள்வி போடாமல் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொள்கிறாள் என்று மகனிடம் மெச்சினார்.

டீச்சரால் எழுத்தெழுத்தாகத் தட்டிக் கேட்டிருக்க முடியும். ஆனால் அந்தக் குட்டி விசைகளில் தமிழை அடிப்பது அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. "சாவி எங்க" என்று அடித்து முடிப்பதற்குள் சாவியே கிடைத்துவிடும். முதல் நாள் ஒரே ஒரு கேள்வியைப் பொறுமையாக அடித்தார்: "என் கேள்வி எல்லாம் எங்க போச்சு."

கார்டு கோளாறாக இருக்கும், பார்க்கிறேன் என்றார் மெக்கானிக். அப்போது அது உண்மை.

6

மதிய இடைவேளையில், லிஃப்டின் மோட்டார் அறையில் உட்கார்ந்து பார்த்தார். கார்டுதான் கெட்டது என்று முதலில் நினைத்தார். லேப்டாப்பில் செருகினால் அது குறையே இல்லாமல் வேலை செய்தது. நீளமான பெயர்களை மட்டும் விட்டுவிட்டதோ என்று பார்த்தார்; டீச்சரின் ஆக நீளமான வாக்கியம் ஒன்று, காப்பீட்டு அலுவலகத்தில் சொல்வதற்காகச் சேமித்தது, முழுசாகத் திரும்பியிருந்தது. தமிழ் எழுத்துதான் இடிக்கிறதோ என்றால், வந்ததெல்லாம் தமிழ்தான். வெறுத்துப்போய், சோதனைக்காக இரண்டு ஃபைலைத் தானே செய்தார். ஒன்றின் பெயர் 'போயிட்டாங்க'. இன்னொன்று 'போயிட்டாங்களா?'. இரண்டையும் கார்டுக்கு அனுப்பினார்.

முதலாவது போனது. இரண்டாவதை வாங்கமாட்டேன் என்றது.

கேள்விக்குறியை அழித்துவிட்டு அனுப்பினார். போனது.

விஷயம் இவ்வளவுதான். லினக்ஸுக்குப் பெயரில் அநேகமாக எந்தக் குறி இருந்தாலும் கவலையில்லை. கேமராக்காரர்களுக்காகப் பக்குவப்படுத்தி விற்கிற அந்தக் கார்டு, பெயரில் சில குறிகளைச் சேர்த்துக்கொள்ளாது. கேள்விக்குறி அதில் ஒன்று. ஒவ்வொரு கேள்வியாக வந்து கதவைத் தட்ட, கார்டு ஒவ்வொன்றாக மறுக்க, புரோகிராம் அவர் சொல்லிவைத்தபடியே தவிர்த்துவிட்டுத் தொடர்ந்திருக்கிறது.

[இதை எழுதும்போது ஒன்று உறைத்தது. தமிழுக்கு இந்தக் குறி தேவையே இல்லை. 'வந்தாயா' என்றால் அங்கேயே கேள்வி முடிந்தது. பின்னால் ஒரு கொக்கியை மாட்ட வேண்டியதில்லை. அச்சோடு சேர்ந்து பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது அது. மெக்கானிக்கிடம் சொன்னேன். "அந்தக் குறி இல்லன்னா மெஷின் குரல தூக்காது சார்" என்றார். டீச்சர் குரல் தூக்கிக் கேட்கிற ஆள்.]

7

இங்கேதான் எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்தது.

மோட்டார் அறையில் காரணம் புரிந்த உடனே வீட்டுக்குப் போன் போட்டாரா? இல்லை. சாயங்காலம் சொன்னாரா? இல்லை. "இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார். அந்த வீட்டில் அப்போது ஒரு நிம்மதி இருந்தது. துணி மடிக்கும்போது துணி மட்டும் மடிந்தது. செடிக்குத் தண்ணீர் போனது. யாரும் ஸ்குரூடிரைவர் தேடவில்லை.

கதாசிரியனுக்குச் சுலபமான வழி, இவரை வில்லனாக்கிவிடுவது. அந்த டிக்கையே தெரிந்து போட்டார் என்று எழுதலாம். எழுதியும் பார்த்தேன்: "அவர் விரல் ஒரு கணம் தயங்கி, பிறகு—" அடுத்த வரி நகரவில்லை. நேரிலேயே கேட்டுவிட்டேன், வேண்டுமென்றே செய்தீர்களா என்று. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"டிக் போட்டப்ப தெரியாது சார். தெரிஞ்ச பிறகு ஒரு வாரம் சொல்லல. அதுக்கு நீங்க என்ன பேரு வேணும்னாலும் வெச்சுக்கங்க."

நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

8

அந்த வாரத்தில்தான் பல் டாக்டர் தூணில் இடித்தார்.

டாக்டர் புது மாணவர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் கேள்வி கேட்டே பழக்கப்பட்ட மனிதர் என்பதால், பதில் வராத டீச்சரோடு காருக்குள் சௌகரியமாக இருந்தார். பயிற்சிப் பள்ளியின் வளாகத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். டீச்சரின் கண் பக்கத்துக் கண்ணாடியில். விரல் தானாகவே 'கண்ணாடி பாத்தீங்களா?' இருக்கும் இடத்துக்குப் போனது. அந்தக் கேள்விதான் இல்லையே. காலியான இடங்களை அடைக்க, மிஞ்சிய வாக்கியங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி உட்கார்ந்திருந்தன.

"நல்லா பண்றீங்க," என்றது கருவி. பதறிப்போய் டீச்சர் பக்கத்துப் பட்டனைத் தட்டினார். "அப்படியே போங்க," என்றது.

பல் டாக்டர் அப்படியே போனார். டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார், ஆனால் தூண் முந்திக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. காரின் பின்பக்கம் நசுங்கியது. அலுவலக ஜன்னலிலிருந்து ஓனர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓனர் நல்ல மனிதர்தான். மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. டீச்சர இனிமே ஆபீஸ்லயே உக்கார வெச்சுடலாம்னு பாக்கறேன். ஃபைல் பாக்கட்டும். அதுக்குக் குரல் வேணாமே."

மெக்கானிக் போனை வைத்தார். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

9

டீச்சர் சாப்பாட்டு மேசையில் கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்காருகிற ஆளில்லை. மெக்கானிக் நின்றபடியே சொன்னார்.

"கார்டுல கோளாறு இல்ல டீச்சர். கேள்விக்குறி இருந்தா அது வாங்காது. பழசெல்லாம் அழிஞ்சு போச்சு, திரும்ப வராது. போன வாரமே எனக்குத் தெரியும்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். கருவியைத் திருப்பி, மெதுவாக அடித்தார். "ஏன் சொல்லல."

குறி இல்லாததால் குரல் தூக்கவில்லை. தட்டையாக விழுந்தது.

"கடைசி பட்டன் இல்லாம நிம்மதியா இருந்துச்சு," என்றார் மெக்கானிக்.

டீச்சர் எழுந்து உள்ளே போனார். கதவு சாத்தப்படும் என்று அவர் காத்திருந்தார். டீச்சர் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் போட்டார். கருவியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் விரல்தான் வேகம்.

கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்தார்கள். பாதி டீச்சரின் நினைவில் இருந்தது. பட்டனைத் தொட்டு, சைகை காட்ட, அவர் அடிப்பார். மீதி, அந்தக் கேள்விகளுக்கு ஆளானவர்கள் நினைவில் இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டு, இவள் உங்களிடம் என்னென்ன கேட்பாள் என்று விசாரித்தார்கள். அக்கா மனப்பாடமாக ஒப்பித்தார், முட்டி வலியிலிருந்து ஆரம்பித்து. மாமியாரிடம் கேட்கவில்லை. கார் பாடத்துக்கான கேள்விகளைப் போடும்போது மெக்கானிக்குக்குத் தான் கற்ற நாட்களின் வரிசையே ஞாபகம் வந்தது. சைகைக்குக் காத்திராமல் அடித்துக்கொண்டே போனார். இந்தத் தடவை நகலும் வேறு மாதிரி. ஃபைல்களைத் தனித்தனியாக அனுப்பாமல், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு மட்டும் ஒரு பெயர் வைத்தார். உள்ளே எத்தனை கேள்வி இருக்கிறதென்று கார்டுக்குத் தெரியாது. திருப்பிப் போட்டும் பார்த்தார். எல்லாம் வந்தது.

கடைசிப் பட்டன் மட்டும் காலியாக இருந்தது. டீச்சர் அதைத் தொடவில்லை, காட்டவும் இல்லை.

10

இனி முடிவு. என்னிடம் இருப்பவை:

மெக்கானிக் அந்தப் பட்டனில் 'நன்றி' என்று போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். டீச்சர் அதைத் தட்டுகிறார். [சோகமாக இருக்கிறது. ஆனால் இவர்கள் இருவருமே 'நன்றி' என்று சொல்கிற ஜாதி இல்லை.]

அல்லது, கேள்வியைப் போடுகிறார், குறி இல்லாமல். எந்தக் கார்டிலும் தங்கும், குரலும் தூக்காது, கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். [இதைப் பற்றி எனக்குக் கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது. சாமர்த்தியம் என்னுடையது, அவருடையது இல்லை என்பதால் அடித்துவிட்டேன்.]

நடந்தது: அவரே அடித்தார். குறியோடு. சேமித்தார். டீச்சர் தட்டவில்லை. கை இரண்டும் மடியில் இருந்தன. மெக்கானிக் தானே அந்தப் பட்டனைத் தட்டினார்.

"கையெழுத்து போடறப்ப என்ன நெனச்சீங்க?" என்றது சளி பிடித்த குரல்.

"பேனா எழுதல," என்றார். "டாக்டரோட பேனா. ஓரத்துல கிறுக்கிப் பாத்தேன், வரல. உதறிப் பாத்தேன். வேற பேனா இருக்குமான்னு நெனச்சேன். எழுதினதும், மூடிய எங்க வெச்சோம்னு தேடினேன். இவ்வளவுதான். உன்னப் பத்தி நெனைக்கல. உன் குரலப் பத்தி சுத்தமா நெனைக்கல. ஏதாவது பெருசா நெனச்சிருப்பேன்னு நீ எதிர்பாத்தா, என்கிட்ட அது இல்ல. அதான் சொல்லல."

டீச்சர் கருவியை எடுத்தார். அடிக்கத் தொடங்கினார்.

[இடையில் உங்களுக்கு ஒரு தகவல். டீச்சர் ஆபீஸில் உட்காரவில்லை. புதுக் கேள்விகளோடு ஓனரையே காரில் ஏற்றி ஒரு சுற்று ஓட்டவைத்தார். பாதி வழியில் ஓனர் தன் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார். பல் டாக்டர் இப்போது லைசென்ஸ் வைத்திருக்கிறார். தூணுக்குப் பூச்சு வேலை பாக்கி.]

டீச்சர் என்ன அடித்தார் என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னவர், இதைச் சொல்லவில்லை. "அது எனக்கு எழுதினது சார்" என்று டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டார். அந்த இடத்தில் பொருந்துவதாக நான் எழுதிப் பார்த்ததெல்லாம் மன்னிப்பாகவோ தத்துவமாகவோ வந்து நின்றது. டீச்சர் வாயில் ஒன்றும் பொருந்தவில்லை. நீங்கள் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரே வரி. திரையைத் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அடிக்கும் முன்பு டீச்சர் சத்தத்தைக் குறைத்துவிட்டார். ஆகவே அது அந்தக் குரலில் கேட்க வேண்டிய வரி இல்லை. நடுவில் ஒருமுறை நின்று, ஒரு எழுத்தை அழித்துத் திருத்தினார். முடித்ததும் கருவியை மேசையின் குறுக்கே தள்ளினார். மெக்கானிக் படித்தார். மறுபடியும் படித்தார். எழுந்து முகம் கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்து பார்த்தபோது திரை காலியாக இருந்தது. டீச்சர் சமையலறையில் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் போய்ப் பக்கத்தில் நின்று, கேட்காமலே இன்னொரு கத்தியை எடுத்தார்.